விசாவுக்காக ஒரு கல்யாணம்

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தபோது என் மகள் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மாலையை எடுத்துக் கொடுத்தது நான். சாட்சிக் கையெழுத்துப் போட்டது என் கணவர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டமாகவில்லை. தாலுகா ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் நானும் என் கணவரும் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தோம். ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். உள்ளே இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட், பான் கார்டு, வருமானச் சான்று என்று ஊரில் உள்ள எல்லா மனுவையும் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பும் பையன்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். "அந்த அக்கா போட்டா திரும்பி வராது" என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. அதைக் காதில் வாங்காத மாதிரி இருப்பேன். ஆனால் நன்றாகவே வாங்கியிருப்பேன்.

அப்படிப்பட்ட என் கையில், என் சொந்தத் தாய் தகப்பனுடைய மனு போன வேகத்திலேயே திரும்பித் திரும்பி வந்தது.

என் தம்பி வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகப் போய், நல்ல பெயரெடுத்து, குடும்பத்தைக் கூட்டிப்போகும் அளவுக்கு உயர்ந்திருந்தான். அவன் மனைவி அங்கே முழுகாமல் இருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு அம்மா வந்து கொஞ்ச நாள் கூட இருக்க வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டான். அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. தகப்பனும் உயிரோடு இருந்தால் தாயை மட்டும் தனியாக வரவழைக்க முடியாது. இருவரையும் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். அதனால் அப்பாவும் கிளம்ப வேண்டியதாயிற்று.

பாஸ்போர்ட் இரண்டும் சிரமமில்லாமல் வந்துவிட்டன. வெள்ளைப் பின்னணியில், இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல் போட்டோ எடுத்தோம். அப்பாவைச் சிரிக்காமல் இருக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பியபின் தம்பி போன் செய்தான்.

"அக்கா, எல்லாம் சரியா இருக்குது. அம்மா அப்பா மேரேஜ் சர்டிபிகேட் மட்டும் அனுப்பிடு."

"யாரோட மேரேஜ்?"

"அவங்க மேரேஜ்தான். புருசன் பொண்டாட்டின்னு இங்க ஆதாரம் கேக்குறாங்க."

"ஏண்டா, நீயும் நானும் இருக்கிறதே ஆதாரம் இல்லையா?"

"அதச் சொல்லிப் பாத்துட்டேன் அக்கா. பேப்பரா குடுன்றாங்க."

மறுநாள் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன். அம்மாவும் அப்பாவும் இருந்தது வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப்பில் போய் இறங்கி இன்னும் கொஞ்சம் நடக்கிற ஊரில். சர்டிபிகேட் கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்தச் சமயத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் டிஷ் ஆன்டெனா. அப்பா டிவி வாங்கி, கூரை மேல் டிஷ் மாட்டினார். மாட்ட வந்த ஆள், வீட்டுக்கு முன்னால் நின்ற பலா மரம் சிக்னலை மறைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா அன்றைக்கு அவளுடைய தங்கை ஊருக்கு ஒரு சடங்குக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், வருஷா வருஷம் அதிகமாகக் காய்க்கும் பெரிய கிளையைக் காணோம். அம்மா சத்தம் போடவில்லை. வெட்டுப்பட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போனாள். அதோடு பேச்சு நின்றது. சாயங்காலம் டிவி ஓடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். சீரியலைக் காதால் மட்டும் கேட்பாள்.

வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. பேச்சுவார்த்தை முழுக்க அதன் வழியாகத்தான் நடந்தது.

நான் போய் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "எப்பா, உங்க கல்யாணத்துக்கு எதுனா ஆதாரம் இருக்குதா?"

அப்பா யோசித்தார். "மாமன் வூட்டுக்குப் போயி பொண்ணு கேட்டோம். குடுத்தாங்க. கூட்டிக்கினு வந்தேன். வேற இன்னா ஆதாரம்?"

அம்மா அடுப்படியிலிருந்து நாயைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு மூட்டை சாமையும் ஒரு கெடாவும் குடுத்துட்டு கூட்டிக்கினு வந்தாருன்னு சொல்லு. ஒண்ணும் சும்மா வரல."

"போட்டோ?"

"போட்டோக்காரன் எங்க மலைக்கு வந்தான்? அப்போ ரோடே கெடையாது" என்றார் அப்பா.

"பத்திரிகை?"

"அடிச்சிருந்தா யாரு படிக்கிறது?"

"சரி, சாட்சிக்காவது யாராச்சும் இருக்காங்களா?"

"ஊரே சாட்சி" என்று கையை வீசிக் காட்டினார். பிறகு ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, கையை மெல்ல இறக்கிக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்தவர்களில் அன்றைக்குக் குழந்தையாக இருந்தவர்கள்தான் மிச்சம்.

இறங்கி வந்து, சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தரிடம் கேட்டேன். எத்தனையோ பேருக்கு நான் யோசனை சொன்னவள். அன்றைக்கு அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"பழைய கல்யாணத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லன்னா ரொம்ப இழுக்கும்மா. நான் சொல்றதக் கேளு. ஒரு கோயில்ல வெச்சி மாலைய மாத்தி, ரசீது வாங்கிக்கினு வா. அன்னிக்கே பதிஞ்சி குடுத்துடுவாங்க. வேலை முடிஞ்சிது."

எனக்கு அப்போது அது பெரிய வெளிச்சமாகத் தெரிந்தது. அதில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

மறுபடி மலை ஏறினேன். அப்பாவைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இருந்தது. "பேரப்புள்ளைய பாக்கறதுக்குத்தானே? பண்ணிக்கிட்டாப் போச்சு" என்றார். அம்மாவிடம் போய், "எம்மா, நீ திரும்பக் கல்யாணம் பண்ணிக்கணும்" என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"யாரோட?"

"அப்பாவோடதாம்மா."

அம்மா நாயின் பக்கம் திரும்பினாள். "வேற ஆளே கெடைக்கலியான்னு கேளு."

மருமகளின் பெயரைச் சொல்லி, பிள்ளை பெறப்போகிறவள் ஆறுதலுக்கு ஒரு ஆள் இல்லாமல் அந்நிய தேசத்தில் தவிக்கிறாள் என்றெல்லாம் பேசித்தான் அவளை ஜீப்பில் ஏற்ற முடிந்தது. ஜீப்பில் அப்பா முன் சீட்டு. அம்மா கடைசிச் சீட்டு.

ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் ஏற்பாடு செய்திருந்தேன். சாமியே பாதி ஆண், பாதி பெண் என்பதால் கொஞ்சமாவது மனசு இளகும் என்பது என் கணக்கு. அம்மா சன்னதியில் நின்று கும்பிட்டுவிட்டு, "ஒரே ஒடம்புல எப்பிடித்தான் இருக்காரோ" என்று மட்டும் சொன்னாள்.

பூக்காரம்மா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளையைத் தேடினாள். "சீக்கிரம் வர சொல்லுங்க, பூ வாடுது" என்றாள். நான் அப்பாவைக் காட்டினேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பி அனுதாபமாக ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்து, அம்மாவை அவசரமாக முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

எங்களுக்கு அடுத்து இன்னொரு ஜோடி காத்திருந்தது. சின்னஞ்சிறுசுகள். பெண்ணின் கண் அழுது வீங்கியிருந்தது. பையன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. அந்தப் பெண் அம்மாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஆயா, உங்க வூட்லயும் ஒத்துக்கலியா?"

"எங்க வூட்ல எப்பவோ ஒத்துக்கினாங்கம்மா" என்றாள் அம்மா. "அரபுக்காரன்தான் ஒத்துக்கல."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, அம்மாவின் கையைப் பிடித்து அழுதே விட்டாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்து, தன் தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி வைத்துவிட்டாள். பையனைக் கூப்பிட்டு, "மரம் கிரம் வெட்டறதா இருந்தா இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டு" என்றாள். அவன் பயந்துபோய்த் தலையாட்டினான்.

அம்மா கழுத்தில் பழைய தாலி இருந்தது. அதைக் கழற்ற மாட்டேன் என்றாள். ஐயர் பெரிய மனசு பண்ணி, அதன் மேலேயே மஞ்சள் கயிற்றைக் கட்டச் சொன்னார். அப்பா ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டார். மீதி முடிச்சை நாத்தனார் போட வேண்டும். என் அத்தைகள் யாரும் உயிரோடு இல்லை. ஐயர் என்னைப் பார்த்தார். என் அம்மாவுக்கு நானே நாத்தனார் முடிச்சுப் போட்டேன்.

ரசீதை வாங்கிக்கொண்டு நேராகச் சார்பதிவாளர் அலுவலகம் போனோம். பத்திர எழுத்தர் படிவத்தை நிரப்பித் தயாராக வைத்திருந்தார். அதில் மணமகளின் முந்தைய நிலை என்ற இடத்தில் "கன்னி" என்று எழுதியிருந்தார். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கிவிட வேண்டும் என்று நான் எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

சார்பதிவாளர் ஒரு பெண். என்னைவிடச் சின்ன வயது. பெரிய நோட்டைத் திறந்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் விருப்பப்பட்டுத்தான பண்ணிக்கிறீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"ஆமாங்க, விருப்பந்தாங்க" என்றார் அப்பா.

"நீங்கம்மா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "யோசிச்சி சொல்றேங்க."

பின்னால் நில விற்பனைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களெல்லாம் தங்கள் பத்திரத்தை மறந்து எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"எம்மா, மேடத்துக்கு வேலை இருக்குது" என்று அவள் காதருகே சொன்னேன்.

"இந்தம்மா கேக்குறாங்க இல்ல, நான் பதில் சொல்லிக்கினு இருக்கேன். இத்தினி வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட இதக் கேட்டதில்ல. மொத கல்யாணத்துல எங்கப்பன் கேக்கல. இவரும் கேக்கல. இப்போ ஒருத்தவங்க கேக்குறாங்க. யோசிக்கக் கூடாதா?"

சார்பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். முகத்தில் எரிச்சல் இல்லை. "யோசிங்கம்மா. இன்னா பிரச்சினை?" என்றார்.

அம்மா பலா மரத்தில் ஆரம்பித்தாள். எந்த வருஷம் நட்டது, எத்தனை கோடைக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றியது, எந்தக் கிளையில் எப்படிப்பட்ட பழம், சுளையின் நிறம் என்ன, எல்லாம் சொன்னாள். கடைசியில் டிஷ்ஷுக்கு வந்தாள். சொத்துப் பதிய வந்தவர்களில் ஒரு பெரியவர், "அடப்பாவமே, காய்க்கிற கெளையையா?" என்றார்.

சார்பதிவாளர் அப்பாவைப் பார்த்தார். "ஏங்க ஐயா, கேக்காம வெட்டலாமா?"

"சிக்னல் கெடைக்கலைங்க மேடம்" என்றார் அப்பா. அந்தக் கூட்டத்தில் அது எடுபடவில்லை என்று அவருக்கே தெரிந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே கேக்காம வெட்ட மாட்டேங்க."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க."

அப்பா திரும்பினார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. வீட்டில் அவர் எப்போதும் பாதி பேச்சை வாசலைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கு நேராகப் பார்த்தார். மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"கேக்காம வெட்டனது தப்புதான். மனசுல வெச்சிக்காத" என்றார்.

அம்மா கொஞ்சம் தலையை அசைத்தாள். பிறகு சார்பதிவாளரிடம், "எங்கங்க கைநாட்டு வெக்கணும்?" என்றாள்.

சான்றிதழ் வந்தது. அதைச் சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை, அந்த நாட்டுத் தூதரகத்தில் ஒரு முத்திரை என்று குத்தி வாங்க வேண்டியிருந்தது. அம்மாவும் அப்பாவும் பார்க்காத டெல்லியை அவர்களுடைய கல்யாணம் பார்த்துவிட்டுத் திரும்பியது. தம்பிக்கு அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். தம்பியின் போன் வந்தது.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"ஏண்டா?"

"இதுல கல்யாணத் தேதி போன மாசம்னு இருக்குது. எனக்கு வயசு இன்னா? ஆபீசர் என்னப் பாக்குறான், பேப்பரப் பாக்குறான். உங்கப்பா இப்பதான் கல்யாணம் பண்ணிக்கிட்டாரான்னு கேக்குறான். நான் ஆமான்றதா, இல்லன்றதா?"

"நீ இன்னா சொன்ன?"

"நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி அவனே முடிவு பண்ணிட்டான். இந்தம்மா உன் சித்தி, உங்கப்பா புதுசா கட்டிக்கினு வந்திருக்காரு, சித்திக்கெல்லாம் விசா கெடையாதுன்னு சொல்லி, எனக்கு ஆறுதலா முதுகுல தட்டிக் குடுத்து அனுப்பிட்டான்."

தம்பி தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினான். அதன் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் இருந்தது. ஆனால் அதில் ஒரு எழுத்து அதிகம். தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் எழுதியபடி அவன் பாஸ்போர்ட்டில் ஒன்று, ஆதார் எடுத்த பையன் அடித்தபடி அம்மாவின் காகிதங்களில் இன்னொன்று. அந்த அதிகாரி கருணையுள்ளவர். இருந்தாலும் எழுத்து எழுத்தாகப் பார்க்கிறவர். அப்பா ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு பெண்களைக் கட்டியிருக்கிறார் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "எம் பேர்லயே இன்னொருத்தியா?" என்று கேட்டவள், அப்பாவை ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பின்னால் அப்பாவின் குரல், "சத்தியமா இல்லடி" என்று கேட்டது. அவர்கள் நாயை விட்டுவிட்டு நேராகப் பேசுவதை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்து, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சான்று வாங்க வேண்டும். அம்மாவை நோட்டரி வக்கீலிடம் கூட்டிப்போனேன். அவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். இந்தப் பெயருடையவளும் அந்தப் பெயருடையவளும் நான் ஒருத்தியே என்று உளமார உறுதி கூறுகிறேன் என்று இருந்தது.

"நான் நாந்தான்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"நான் பொய் சொன்னா?"

வக்கீல் சிரித்தார். "அப்போ நீங்க வேற யாரோ ஆயிடுவீங்க. விரல வைங்க."

அதோடு பழைய கல்யாணம் எப்போது நடந்தது, ஏன் பதியவில்லை, ஏன் திரும்பச் செய்துகொண்டார்கள் என்பதையெல்லாம் தனியாக ஒரு உறுதிமொழியாக எழுதினோம். கிராம நிர்வாக அலுவலர் மலைக்கே வந்து விசாரித்து ஒரு சான்று கொடுத்தார். பழைய ரேஷன் கார்டு கூரை எரவாணத்திலிருந்து வெளியே வந்தது. எல்லாம் சென்னை போய், டெல்லி போய், முத்திரை வாங்கி, கடல் தாண்டிப் போனது. விசாவும் வந்தது.

இதெல்லாம் முடிவதற்குள் என் தம்பி மனைவிக்குச் சுகப்பிரசவமாகி, பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்கு உதவியாக இருக்கப் போனவர்கள் இறங்கியபோது குழந்தைக்குக் கீழ்வரிசையில் பல் முளைத்திருந்தது. தம்பி வாங்கி வந்து அம்மாவின் மடியில் போட்டதும், அது அம்மா கழுத்திலிருந்த இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்துக் கடித்ததாம்.

ஒரு வாரம் கழித்துத் தம்பியைக் கேட்டேன். "அவங்க பேசிக்கிறாங்களா?"

"பேசறாங்களாவா? ஒரு நிமிசம் வாய மூடறதில்ல அக்கா. ஏசிய அம்மா நிறுத்துது, அப்பா போடுறாரு. ராவும் பகலும் இதே பஞ்சாயத்து. பக்கத்து வீட்டு மலையாளி இன்னான்னு வந்து கேட்டுட்டுப் போனாரு. இவங்களுக்குப் புதுசா கல்யாணம் ஆயிருக்குதுன்னு சொல்லி அனுப்பிச்சேன்."

விசாக் காலம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். அம்மா மலையில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேரீச்சம்பழம் கொடுத்தாள். கூடவே ஒரு பிரசங்கமும் செய்தாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களோ இல்லையோ, இன்றைக்கே போய்க் கல்யாணத்தைப் பதிந்துகொள்ளுங்கள், என் பெண் கடையில் எல்லாம் செய்து தருவாள் என்று.

அதன் பலன் ஒரு திங்கட்கிழமை காலையில் என் கடை வாசலில் வந்து நின்றது. ஒரு ஜீப் நிறைய வயசான ஜோடிகள். பெண்களெல்லாம் உற்சாகமாக இறங்கி, படிவம் எங்கே என்று கேட்டார்கள். சில பேர் வீட்டிலிருந்தே பூ கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆபீசில் அந்த அம்மா நேராகக் கேள்வி கேட்பார்களாமே, நாங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமாமே என்று ஒருத்தி என்னிடம் விவரம் கேட்டாள். ஆண்களெல்லாம் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. என் கணவர் டீ வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தார். டீயை ஜீப்பிலேயே வாங்கிக் குடித்தார்கள்.

கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் இறங்கி, யாரும் பார்க்காதபோது கவுன்ட்டர் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, அங்க போயி இவ வேணாம்னு சொல்லிட்டான்னா, அப்புறம் எனக்குச் சோறு யாரு போடுவா?"